இட்லி மாவு வியாபாரம்: கிரைண்டர் வாங்கும் முன் ரிட்டர்ன் கணக்கு

கேள்வி: "திருச்சியில் சொந்த வீடு. கீழ்த்தளத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது. கையில் 3 லட்சம் ரூபாய். நானும் மனைவியும் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடலாம் என்று இருக்கிறோம். 20 லிட்டர் டில்டிங் கிரைண்டர் இரண்டு வாங்கினால் போதுமா? லாபம் நிற்குமா?"

லாபம் நிற்குமா என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கிரைண்டர் அதற்கு அப்புறம்தான்.

20 கிலோ இட்லி அரிசி, 5 கிலோ முழு உருட்டு உளுந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி கிலோ 45 என்றால் 900 ரூபாய். உளுந்து 130 என்றால் 650. வெந்தயம், உப்பு 25. மொத்தம் 1,575 ரூபாய். உங்கள் ஊர் விலை கொஞ்சம் கூடலாம், குறையலாம். அந்த இடத்தில் உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். சரியான தண்ணீர் விட்டால் 54 கிலோ மாவு வரும். கல்லில் ஒட்டியது, பாத்திரத்தில் நின்றது, எடையில் 10 கிராம் கூடப் போட்டது எல்லாம் போக ஒரு கிலோ பாக்கெட் 52 தேறும். ஆக, சரக்குச் செலவு பாக்கெட்டுக்கு 30 ரூபாய் சொச்சம். கவர், கரண்ட், பெட்ரோல் சேர்த்து 35 என்று வையுங்கள். எம்ஆர்பி 50 போட்டுக் கடைக்கு 43-க்குக் கொடுத்தால் பாக்கெட்டுக்கு 8 ரூபாய். 52 பாக்கெட்டும் விற்றால் அன்றைக்கு 416 ரூபாய். உங்கள் இருவர் கூலியும் அதற்குள்தான்.

இப்போது 5 பாக்கெட் விற்காமல் கடையிலிருந்து திரும்பி வருகிறது. இதுதான் ரிட்டர்ன். ஐந்து எட்டு நாற்பதுதானே போனது என்று நினைப்பீர்கள். போனது 215 ரூபாய். அந்த ஐந்துக்கும் அரிசி, உளுந்து, கவர், பெட்ரோல் எல்லாம் செலவாகிவிட்டது. வரவேண்டிய 43 மட்டும் வரவில்லை. கையில் நிற்பது 201. பத்து திரும்பினால் 14 ரூபாய் கைநஷ்டம். அதாவது அரைத்ததில் பத்தில் ஒரு பங்கு ரிட்டர்ன் ஆனாலே பாதி லாபம் காலி, ஐந்தில் ஒரு பங்கு ஆனால் சும்மா உழைத்ததுதான் மிச்சம். இந்தத் தொழிலில் கை சுட்டுக்கொண்டு இறங்குபவர்களில் பலர் மாவு நன்றாக அரைக்கத் தெரிந்தவர்கள்தான். ரிட்டர்னைத் தனியாக எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் மெஷினைவிட முக்கியம், மாவு ஏன் திரும்புகிறது என்பது. பெரும்பாலும் மூன்று காரணம்: கடைக்குப் போவதற்குள் புளித்துவிட்டது, கவர் உப்பிவிட்டது, அல்லது அந்தக் கடையில் அன்றைக்கு அவ்வளவு போகாது என்று தெரிந்தும் போட்டுவிட்டீர்கள். முதல் இரண்டும் அரைக்கும் இடத்திலேயே தொடங்குகின்றன.

உளுந்திலிருந்து வருவோம். உளுந்தின் கொழகொழப்புதான் காற்றைப் பிடித்து வைக்கிறது. இட்லி மிருதுவாவது அதனால்தான். ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். இரவெல்லாம் ஊறவிட்டால் அந்தக் கொழகொழப்பு தண்ணீரோடு போய்விடும், மாவு காணாது. புது உளுந்துக்கு இன்னும் குறைவான நேரம் போதும். டெல்டா பக்கம் நெல் தரிசில் போட்ட உளுந்து பங்குனி, சித்திரை வாக்கில் சந்தைக்கு வரும்போது நன்றாகக் காணும். ஒரு வருடம் கிடங்கில் கிடந்த சரக்கும், தரம் தெரியாத பர்மா உளுந்தும் அதே அளவு காணாது. கிலோவுக்கு 10 ரூபாய் மலிவு என்று வாங்கினால் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் மிச்சமாகும், ஆனால் மாவு காணாமல் 52 பாக்கெட் 49 ஆனால் அதைவிட அதிகம் போய்விடும். ஒவ்வொரு மூட்டை மாறும்போதும் கால் கிலோவை வீட்டு கிரைண்டரில் அரைத்துப் பார்த்த பிறகு மொத்தமாக வாங்குங்கள்.

அரிசிக்கு ஏடிடி 37 மாதிரியான குண்டரிசி, புழுங்கல். நான்கைந்து மணி நேரம் ஊற வேண்டும். ரேஷன் அரிசி கிலோ இத்தனைக்குக் கிடைக்கிறது என்று யாராவது வந்து கேட்பார்கள். பொது விநியோக அரிசியை வாங்கி வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது குற்றம். வழக்கு, பறிமுதல் வரை போகும். வேண்டாம்.

அளவு இப்படி. 10 லிட்டர் கிரைண்டரில் ஒரு தடவைக்கு உளுந்து 1.25 கிலோ, அரைக்க 1.75 லிட்டர் தண்ணீர். அரிசி 4 கிலோ, 2.2 லிட்டர் தண்ணீர். இது ஊறியபோது குடித்த தண்ணீர் போக, அரைக்கும்போது விடுவது. உளுந்துக்கான தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். முதலில் கால் பங்கு, பிறகு கல் இழுக்க இழுக்கத் தெளித்துத் தெளித்து விட வேண்டும். வெந்தயம் மொத்தத்துக்கும் 100 கிராம், உளுந்தோடு சேர்த்து ஊறட்டும். உப்பு மாவு எடையில் ஒரு சதவீதம், அதாவது 500 முதல் 550 கிராம். கல்லுப்பு போட்டால்தான் பொங்கும், அயோடின் உப்பு பொங்காது என்று ஒரு பேச்சு உண்டு. எந்த உப்பு என்பதைவிட எவ்வளவு உப்பு, எப்போது போடுகிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம் தெரியும். சித்திரை வெயிலில் அரைத்துக் கலக்கும்போதே போட்டுவிடுங்கள். புளிப்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். மார்கழியில் பேக் செய்யும் முன் போட்டால் போதும்.

உளுந்து ஆயிற்றா என்று பார்க்க ஒரு கிண்ணம் தண்ணீரில் சுண்டைக்காய் அளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். மிதந்தால் எடுக்கலாம். மூழ்கிக் கரைந்தால் இன்னும் ஐந்து நிமிடம். அரிசி மாவை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நைஸ் ரவை போல உறுத்த வேண்டும். வழுவழு என்று இருந்தால் தோசைக்கு நன்றாக இருக்கும், இட்லி களி மாதிரி ஆகிவிடும்.

இதில் பலரும் கவனிக்காதது சூடு. அரைக்க அரைக்கக் கல் சூடாகி மாவும் சூடாகிறது. கையில் தொட்டால் இளஞ்சூடு தெரிகிற மாவு கவருக்குள் போனதும் புளிக்கும் வேகம் கூடிவிடும். குளிர்ந்த தண்ணீர் விட்டு அரையுங்கள்; வெயில் காலத்தில் ஐஸ் போட்ட தண்ணீரே விடலாம். கல்லிலிருந்து எடுக்கும்போது மாவு 28 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் ஊகம் வேண்டாம். அதோடு, அரைக்கும் நேரத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். புதுக் கல்லில் 30 நிமிடத்தில் அரைந்த 4 கிலோ அரிசி ஆறேழு மாதத்தில் 40 நிமிடம் எடுத்தால் கல் வழுக்கிவிட்டது, கொத்த வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பத்து நிமிடம் கரண்டையும் தின்கிறது, மாவையும் சூடாக்குகிறது. கொத்திய பிறகும், புதுக் கிரைண்டர் வந்ததும், தவிடு அல்லது குருணையை இரண்டு மூன்று தடவை அரைத்துக் கொட்டிவிடுங்கள். கல்தூள் நறநறவென்று ஒரு பாக்கெட்டில் போனாலும் அந்தத் தெருவே உங்களை மறந்துவிடும்.

இனி நேரம். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து அரைப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம் என்று நினைக்க வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் அந்த நேரத்தில் கிரைண்டர் ஓடினால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பார், அது நியாயமும்கூட. உங்கள் வாடிக்கையாளர் மாலையில் வாங்கி இரவு தோசையும் மறுநாள் காலை இட்லியும் செய்பவர். அதற்கேற்ப ஓட்டினால் போதும். அரிசியை அதிகாலை நான்கு மணிக்கு ஊறப்போடுங்கள், உளுந்தை ஆறரைக்கு. எட்டு மணிக்கு அரைக்கத் தொடங்கினால் உளுந்து நான்கு தடவை, அரிசி ஐந்து தடவை. இரண்டு 10 லிட்டர் கிரைண்டரில் பதினொரு மணிக்குள் முடிந்துவிடும். கலந்து, மூடி, பாத்திரத்தில் இரண்டரை மணி நேரம் விடுங்கள். இரண்டு மணிக்குப் பேக்கிங், பிறகு குளிரில், நாலரை மணிக்கு லைன், அதாவது கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவது. முந்தைய நாளின் நல்ல மாவில் ஒரு கிலோவை எடுத்து இதில் கலந்தால் புளிப்பு ஒரே சீராக வரும். ஆனால் நேற்றைய மாவில் வாடை இருந்தால் அதைத் தொடாதீர்கள்; ஒரு நாள் நஷ்டம் இரண்டு நாள் நஷ்டமாகிவிடும்.

புளிப்பை நாக்கால் மட்டும் பார்க்காமல் பிஹெச் தாளாலும் பாருங்கள். நிறம் மாறிப் புளிப்பின் அளவைக் காட்டும் தாள் அது; எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். 4-லிருந்து 7 வரை காட்டும் தாள் ரசாயனப் பொருள் கடைகளில் கிடைக்கும். அரைத்தவுடன் 6-க்கு மேல் காட்டும், நன்றாகப் பொங்கிய இட்லி மாவு நாலரைப் பக்கம். பேக் செய்யும்போது ஐந்தரைக்குக் கீழே போயிருந்தால் அது அன்றே விற்றுத் தீர வேண்டிய மாவு. தூரக் கடைக்கு அனுப்பாதீர்கள். இந்த ஒரு எண்ணை நோட்டில் தேதியோடு, அன்றைய அறை வெப்பத்தோடு, உளுந்து மூட்டை எது என்பதோடு எழுதிவந்தால் ஒரு மாதத்தில் உங்கள் மாவின் நடத்தை உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

கவர் உப்புவது மாவு கெட்டதால் மட்டும் அல்ல. புளிக்கும்போது கரியமில வாயு வரும், அதற்குப் போக இடம் வேண்டும். ஒரு கிலோ மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கிற மாதிரி பெரிய கவர் வாங்குங்கள். சீல் ஒழுகுகிறதா? ஹேண்ட் சீலரைத் திட்டுவதற்கு முன் கவரின் வாயைப் பாருங்கள். சீல் விழும் இடத்தில் மாவு பூசியிருந்தால் எந்த மெஷினும் ஒட்டாது. அகல வாய்ப் புனல் வைத்து நிரப்பினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ரப்பர் பேண்டு போட்ட கேரி பேக்கில் கொடுக்கலாமே என்று தோன்றும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அந்தப் பைகளுக்குத் தடை. உணவுத் தரக் கவர்தான்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் ஒரு தவறு தவறாமல் நடக்கிறது. 50 பாக்கெட்டை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுகிறார்கள். ஓரத்துப் பாக்கெட் ஜில்லென்று இருக்கும், நடுவில் இருப்பது மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்து புளித்துக்கொண்டிருக்கும். பாக்கெட்டைத் தட்டில் தட்டையாகப் படுக்க வைத்து, தட்டுக்குத் தட்டு காற்றோட்டம் விட்டு 4 டிகிரியில் குளிரவிடுங்கள். லைனில் போகும்போது தெர்மாகோல் பெட்டி போதும். அப்புறம் கடை. சில கடைகளில் இரவு ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போவார்கள், கரண்ட் பில் மிச்சம் என்று. காலையில் உங்கள் மாவு உப்பி நிற்கும், திருப்பிக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட கடைக்கு மாலையில் விற்கிற அளவு மட்டும் போடுங்கள், அல்லது போடாதீர்கள். சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

கடைகளை எப்படிப் பிடிப்பது? முதல் இரண்டு வாரம் விற்கவே வேண்டாம். 4 கிலோ அரிசி, ஒரு கிலோ உளுந்து வைத்து அரைத்துப் பாருங்கள். உறவு, அக்கம்பக்கம் கொடுத்து, காலை இட்லி எப்படி வந்தது என்று மட்டும் கேளுங்கள். பிறகு இருபது, இருபத்தைந்து வீடு. வீட்டுக்கு 48 ரூபாய்க்குக் கொடுத்தால் பாக்கெட்டுக்கு 13 ரூபாய் நிற்கும், ரிட்டர்ன் என்ற பேச்சே இல்லை. அதற்கப்புறம் மூன்று கிலோமீட்டருக்குள் ஆறிலிருந்து எட்டு மளிகைக் கடை. 2005-இல் பெங்களூரில் 50 சதுர அடி இடத்தில் தொடங்கிய ஐடி ஃபிரெஷ் என்ற மாவு நிறுவனத்தின் கதையை எல்லோரும் உங்களிடம் சொல்வார்கள். நல்ல கதை. ஆனால் வளர்ந்த நிறுவனத்தின் குளிர் வண்டியும் மாநகரத்து விலையும் உங்களிடம் இல்லை. உங்கள் பலம், காலையில் அரைத்தது மாலையில் கடையில் இருப்பது. தூரம் கூடினால் அந்தப் பலம் போய்விடும்.

கடைக்கு முதல் நாள் நான்கு பாக்கெட்டுக்கு மேல் வைக்காதீர்கள், அண்ணாச்சி பத்து கேட்டாலும். மூன்று நாள் தொடர்ந்து தீர்ந்துபோனால் ஒன்று கூட்டுங்கள். ஒன்று திரும்பினால் மறுநாள் ஒன்று குறையுங்கள். சனி மாலையும் அமாவாசை இரவும் தேவை கூடும், தொடர் மழையில் குறையும். இதைக் கடைவாரியாகச் சிட்டையில் எழுதினால்தான் தெரியும். பணத்தில் ஒரே சட்டம்: நேற்றைய காசு வந்தால் இன்றைய சரக்கு. "பாக்கி இருக்கட்டும், வாரக் கடைசியில் பார்க்கலாம்" என்பதற்கு ஒரு கடைக்குச் சரி என்றால் எட்டுக் கடையும் கேட்கும். நாளுக்கு 1,820 ரூபாய் செலவாகிறது. ஒரு மாதத்துக்கு 54,000-த்தைத் தாண்டும். அந்தப் பணம் கடைக்காரர் கல்லாவில் இருந்தால் நீங்கள் உளுந்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டிவரும். ஓட்டல்காரருக்கு வாளியில் மொத்தமாகக் கொடுப்பது நல்லதுதான், கவர் செலவு இல்லை, ரிட்டர்னும் இல்லை. ஆனால் கிலோவுக்கு நாலைந்து ரூபாய்தான் நிற்கும், கடனும் நீளும். மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஓட்டலை நம்ப வேண்டாம்.

திரும்பி வந்த மாவில் சோடா உப்பு போட்டுப் புது மாவோடு கலந்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. புளிப்பு நாக்குக்கு மறையும், இட்லி மஞ்சளாகி ஒரு காரநெடி அடிக்கும், வாங்கியவர் இரண்டாம் முறை வரமாட்டார். திரும்பியது மாட்டுக்குப் போகட்டும். அரிசி கழுநீரையும் சாக்கடையில் விடாமல் மாடு வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு வாரத்தில் நாற்றம் தெருவுக்கு வந்துவிடும்.

காகித வேலை அதிகம் இல்லை, ஆனால் விடக்கூடாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் எடுக்க வேண்டும். சிறிய அளவுக்கு அடிப்படைப் பதிவு போதும், அதன் 14 இலக்க எண்ணைக் கவரில் அச்சிட வேண்டும். தண்ணீரைப் பரிசோதனை செய்த அறிக்கையைக் கையில் வையுங்கள். எடை போட்டுக் கட்டி விற்பதால் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் பொருந்தும்: கவரில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த தேதி, எம்ஆர்பி, புகாருக்குத் தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளியும் வேண்டும், அது உணவுப் பாதுகாப்பு விதிப்படி. தராசுக்கு முத்திரை, பாக்கெட் போட்டு விற்பவருக்கான பேக்கர் பதிவு இரண்டும் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. மேலே போட்ட கணக்கில் நீங்கள் அதற்கு வெகு கீழே. மானியக் கடன் வேண்டுமானால் மாவட்டத் தொழில் மையத்தில் இப்போது எந்தத் திட்டம் திறந்திருக்கிறது என்று நேரில் கேளுங்கள். வீட்டு மின் இணைப்பில் கிரைண்டர் ஓட்டி மாட்டிக்கொள்வதற்குப் பதில், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு அந்த அறைக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள்.

இப்போது கிரைண்டர். 20 லிட்டர் இரண்டு வேண்டாம். 10 லிட்டர் டில்டிங் இரண்டு. சிங்கிள் ஃபேஸில் ஓடும், ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்றில் அன்றைய பாதியாவது அரைந்துவிடும். ஊறிய உளுந்து ரிப்பேர்காரருக்காகக் காத்திருக்காது. மாற்று பெல்ட் ஒன்று, கப்பாசிட்டர் ஒன்று ஆணியில் தொங்கட்டும். 3 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மெஷினில் போடாதீர்கள். குளிர்ப்பெட்டி, தரை, தண்ணீர் வசதிக்கு ஒரு பங்கு, மீதி இரண்டு மாதச் சரக்குக்கும் ரிட்டர்னுக்கும். 30 நாள் தொடர்ந்து ரிட்டர்ன் சராசரி இரண்டு பாக்கெட்டுக்குள் நின்று, கடைக்காரர்கள் கூடுதலாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் அப்போது 20 லிட்டர் பாருங்கள். பழையது வாங்குவதானால் கோயம்புத்தூர்ப் பக்கம் நிறையக் கிடைக்கும். குழவியைக் கையால் சுற்றிப் பாருங்கள், ஆடினால் பேரிங் போய்விட்டது. கல்லில் விரிசல் இருக்கிறதா என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். காயும்போது விரிசல் மட்டும் கடைசிவரை ஈரக்கோடாக நிற்கும்.